கோட்டையிலிருந்து நல்லூருக்கு: ஒரு நடைவழிகாட்டியின் நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 8, சனி

மட்டக்களப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மகளும் வந்திருக்கிறார்கள். அவர் எனக்குச் சேர், மகள் தங்கச்சி. சில காலைப்பொழுதுகளை நடப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தோடு மட்டும் நடப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய கூட்டமென்றால் பின்னால் நிற்பவருக்கு என் குரல் கேட்காது, முன்னால் நிற்பவர் அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் என்றால் ஒரு கல்லுக்கு முன்னால் கால் மணித்தியாலம் நின்றாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இன்று யாழ்ப்பாணக் கோட்டையில் அப்படித்தான் நின்றோம். வாசல் வளைவு தாண்டி மதில் மேல் ஏறும் இடத்தில் சுவரைக் கிட்டப் பார்க்கச் சொன்னேன். முருகைக்கல். மேற்பரப்பு முழுவதும் சின்னச் சின்னக் குழிகள், தேன்கூடு மாதிரி நெருக்கமாக, ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கோடுகள் நடுவைப் பார்த்து ஓடுகின்றன. கடலுக்குள் உயிரோடு இருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்துக் கட்டிய சுவர் இது. தங்கச்சி விரல் நுனியை ஒரு குழிக்குள் வைத்துப் பார்த்தார். "அப்பா, இஞ்ச வாங்க, இதைத் தொட்டுப் பாருங்க" என்று சேரையும் கூப்பிட்டார். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

யாழ்ப்பாணக் கோட்டை என்றதும் ஒல்லாந்தர் கோட்டை என்றே எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் நடந்ததைச் சொல்லாமல் நான் மதில் ஏறுவதில்லை. 1619இல் சங்கிலி மன்னனைத் தோற்கடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா, ஆட்சியின் இருப்பிடத்தை நல்லூரிலிருந்து இந்தக் கடலோரத்துக்கு மாற்றினான். போர்த்துக்கேயர் கட்டியது நாற்சதுரக் கோட்டை. 1658இல் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள்.

"எங்கட கோட்டையை 1638லயே பிடிச்சிட்டாங்க, மகள். இருபது வருசம் முந்தி" என்றார் சேர். தன் ஊரின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரோடு நடப்பது தனிச் சந்தோஷம். கிழக்கும் வடக்கும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களாக விரியத் தொடங்கிவிட்டன.

ஐந்து மூலைக் கொத்தளங்களுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள்: சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து. உள் ஐங்கோணம் 1680இல் முடிந்தது. வெளி அரண்கள் 1792 வரை இழுபட்டன. மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்தபோது ஒரு வெடிகூடத் தீர்க்காமல் கோட்டையைக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் இந்த மண்ணின் ஆட்கள் கல் சுமந்து எழுப்பிய அரண் அது. அவர்களில் ஒருவருடைய பெயரும் இந்த மதிலில் இல்லை. இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். இன்றும் உயர்ந்தது.

உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. 1990 முற்றுகையில் அழிந்தது. இப்போது இருப்பது கற்குவியலும் புல்லும்தான். 1905இல் இளம் அதிகாரியாக யாழ்ப்பாணம் வந்த லெனார்ட் வூல்ஃப் கோட்டைக்குள் மதில் மேல் இருந்த பங்களாவில்தான் குடியிருந்தார். அதையும் சொன்னேன். ஆனால் இருவரையும் அதிக நேரம் பிடித்து வைத்தது மண்ணுக்குள் கிடைத்தவை. தொல்லியலாளர்கள் கோட்டைக்குள் தோண்டியபோது போர்த்துக்கேயருக்கு எவ்வளவோ முந்திய காலத்து மட்பாண்டத் துண்டுகள் வந்தன, சீனத்து ஓடுகள் உட்பட. கோட்டை வருவதற்கு முன்பே இது கப்பல்கள் வந்து போன துறை.

பத்து மணிக்கு வெயில் முதுகில் ஏறிவிட்டது. நிறுத்திக்கொண்டோம். போகிற வழியில் முனியப்பர் கோயிலடியில் கற்பூரம் கொளுத்தினார்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று யாழ்ப்பாணப் பொது நூலகம். கோட்டைக்கு எதிர்ப்பக்கம், நடந்தால் சில நிமிடம். வேண்டுமென்றே சுற்றி, மணிக்கூட்டுக் கோபுரத்தடியால் கூட்டிப்போனேன். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுப்பியது. வரைந்தவர் ஸ்மிதர். கொழும்பு அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் அவர்தான். அங்கே ஐந்து நிமிடம் போதும்.

நூலகத்தை வெறும் எரிப்புக் கதையாகச் சொல்லக்கூடாது என்பது என் பிடிவாதம். 1981 மே 31 இரவைப் பற்றிக் கேள்விப்படாமல் இங்கே யாரும் வருவதில்லை. 97,000 நூல்கள் என்ற எண் பலருக்கு மனப்பாடம். அந்தப் புத்தகங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் பலருக்குத் தெரியாது. அதனால் 1933இலிருந்து தொடங்குகிறேன். க. மு. செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டிலிருந்தே ஆட்களுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள். ஊர்மக்கள் காசும் புத்தகமும் சேர்த்துக் கொடுத்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளார் பெரிய கட்டடம் ஒன்று வேண்டுமென்று ஓடித் திரிந்தார். நூலகவியல் மேதை ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னையிலிருந்து நரசிம்மன் வரைபடம் போட்டார். 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். வீட்டில் தொடங்கிய இரவல், வெள்ளை மாளிகைக்குள் போய்ச் சேர 26 வருடம்.

இவ்வளவையும் முன்முற்றத்தில் சரஸ்வதி சிலையடியில் நின்றே சொன்னேன். அதன் பிறகுதான் 1981. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் பத்திரிசியார் கல்லூரி மாடியில் நின்று நூலகம் எரிவதைப் பார்த்து, அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டதைச் சொன்னபோது தங்கச்சி கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சேர் தமிழ் படிப்பித்தவர். "நான் அப்ப பயிற்சிக் கலாசாலையில. பேப்பரில வாசிச்சிட்டு அன்றைக்கு ஒருத்தரும் வகுப்புக்குப் போகல்ல" என்றார். பிறகு வாசல் காவலரோடு பேசி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். 2004இல் திரும்பவும் திறந்த மண்டபம். ஒரு பள்ளிக்கூடப் பெடியன் கணக்குப் புத்தகத்தை விரித்தபடி மேசையில் தலை வைத்து நித்திரை. இன்னொரு மேசையில் முதியவர் ஒருவர் பத்திரிகையை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். சேர் அவருக்கு எதிர்க் கதிரையில் இருந்து தானும் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டார். நான் எழுப்பவில்லை. அன்றைய நடையின் மிச்சப் பகுதி போனது போனதுதான். எனக்கு அதில் மனநிறைவே.

2025 பெப்ரவரி 10, திங்கள்

நடை இல்லை. சேருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதாம், ஓய்வு கேட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வரப்போகிற ஒரு குடும்பம் அழைத்தது. கோட்டை, நூலகம், நல்லூர், நயினாதீவு, கீரிமலை, எல்லாம் ஒரே நாளில் வேண்டுமாம். வான் வண்டி பிடித்துப் போகலாம், ஆனால் அதற்கு நான் தேவையில்லை என்று பணிவாகச் சொன்னேன். ஒரே நாள்தான் என்றால் நல்லூரை மட்டும் எடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது: கழற்றிப் போட வசதியான செருப்பு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஆண்களுக்கு வேட்டி. நல்லூருக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போகவேண்டும்.

2025 பெப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

நல்லூர் நடையை நான் கோயிலில் தொடங்குவதில்லை. முத்திரைச் சந்தியில் தொடங்குகிறேன்.

குதிரைமேல் வாளோடு சங்கிலியன் சிலை நிற்கும் சந்தி அது. பக்கத்தில் புனித யாக்கோபு தேவாலயம். பழைய கந்தசுவாமி கோயில் நின்றது இந்தப் பக்கத்தில்தான் என்று சொல்வார்கள். 1621இல் ஒலிவேரா அதை இடிக்கச் செய்தான். அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

"அப்ப சனிக்கிழமை நாங்க தொட்ட கல்லுகளுக்கிடையில கோயில் கல்லும் இருக்குமா, அக்கா?" என்று தங்கச்சி கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் கோட்டையை முதல் நாளிலும் நல்லூரைப் பிறகும் வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து கிழக்கே பருத்தித்துறை வீதியில் நடந்தால் சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி. இப்போது நிற்கும் வளைவிலும் மந்திரிமனையிலும் தெரிகிற வேலைப்பாடு அரசர் காலத்துக்குப் பிந்தியது, ஐரோப்பியக் கைவண்ணம் கலந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். இடம் பழையது, மேலே எழும்பிய கட்டடம் பிற்காலத்தது. அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. மந்திரிமனை முகப்பில் மரச்செதுக்கல் ஒரு பக்கம் உளுத்துக் கிடக்கிறது. சுவரில் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். இன்னும் சில மாரி தாண்டுமா என்று எனக்குப் பயம். யாராவது உடனே கூரையைத் திருத்தினால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

யமுனா ஏரி என்றாலும் அது ஏரி இல்லை, 'ப' வடிவில் கட்டிய கேணி. யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து ஊற்றியதால் இந்தப் பெயர் என்பது மரபு. படிகளில் பாசி, தண்ணீர் பச்சை. சேர் மேற்படியிலேயே இருந்துவிட்டார். அங்கே வைத்துத்தான் நாலு திக்கையும் காட்டினேன். தலைநகருக்குக் காவலாக அரசர்கள் எழுப்பியதாக யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிற கோயில்கள்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், தெற்கே கைலாசப் பிள்ளையார், வடக்கே சட்டநாதர். நாலும் அந்தந்தப் பெயரோடு இன்றைக்கும் பூசை நடக்கிற கோயில்கள். நாலையும் சுற்றி நடந்தால் அழிந்துபோன ஒரு தலைநகரின் பரப்பளவு காலுக்குத் தெரியும். சேரின் முழங்காலை நினைத்து இன்று இரண்டோடு நிறுத்தினோம்.

பிறகு கோயிலுக்கு. சந்தியிலிருந்து இங்கே நடந்து வருகிற அந்தத் தூரம் எனக்கு முக்கியம். ஒரு கோயில் இடிந்து, நூறு வருடத்துக்கு மேல் கழிந்து, 1734இல் ஒல்லாந்தர் காலத்தில் இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் குருக்கள் வளவில் திரும்ப எழும்பியது. அந்த இடைவெளியை ஓட்டோவில் கடந்தால் இரண்டு நிமிடம். நடந்தால் கேள்வி வருகிறது.

தைப்பூசச் சனம் வீதி முழுக்க. நேற்றே மறவன்புலவு வயலிலிருந்து புதிர் நெல், அதாவது புது அறுவடை நெல், வந்துவிட்டது. சேர் வேட்டியோடு உள்ளே போய், ஒரு ரூபாய் அர்ச்சனைச் சிட்டையை என்னிடம் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டார். பூசையில் உரக்கச் சொல்லும் புகழுரையான கட்டியத்தைக் கவனமாகக் கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகுவின் பெயர் வரும். கோட்டே அரசிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தை வென்ற சபுமல் குமாரனின் பட்டப் பெயர் அது. நம் ஆட்கள் செண்பகப் பெருமாள் என்பார்கள். தெற்கிலிருந்து படையோடு வந்தவனின் பெயரை முருகன் சந்நிதியில் ஐயர் வாயால் இன்றும் கேட்கலாம். சனத்திரளில் அது சரியாகக் கேட்கவில்லையாம். நாளை மாலை தனியாகப் போய்க் கேட்கப்போவதாகச் சொன்னார்.

2025 பெப்ரவரி 13, வியாழன்

கடைசி நடை. மத்திய கல்லூரியடியிலிருந்து வண்ணார்பண்ணைக்கு. அன்று வெஸ்லியன் மிஷன் பள்ளியாக இருந்த இந்தக் கல்லூரியில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுகநாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சென்னையிலிருந்து அச்சியந்திரமும் வருவித்தார். இரண்டு இடத்துக்கும் நடுவே நடை தூரம்தான். வைத்தீசுவரன் கோயில் தெற்கு வீதியில் நின்று பிளேன்ரீ குடித்தோம்.

அங்கிருந்து சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். கொண்டுபோக விட்டது கொஞ்சக் காசும் உடுதுணியும். இதைத் தமிழர்களிடம் சொல்லும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொல்லாமல் விட என்னால் முடியாது. நூலகத்தடியில் என் கதைக்குக் கண் கலங்குகிறவர்கள் இந்தத் தெருவுக்கும் வரவேண்டும்.

சேர் முகம் திருப்பவில்லை. முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் பல வருடம் படிப்பித்தவர், பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் சாப்பிட்டவர். கூரையில்லாத ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நடு அறையில் வேம்பு வளர்ந்து சுவருக்கு மேல் போயிருக்கிறது. சுவர் மாடத்தில் நீலச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வளவில் புது வீடு, புது ஓடு. அங்கே தையல் மெஷினடியில் இருந்த ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டு இருத்தினார். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்களாம். கிணறு மட்டும் பழைய கிணறு என்றார். தண்ணீர் அள்ளித் தந்தார், சேர் இரண்டு செம்பு குடித்தார். இருவரும் மட்டக்களப்பு, புத்தளம், பஸ் பயணம், முழங்கால் வலி என்று பேசத் தொடங்கியதும் தங்கச்சியும் நானும் வாசலில் காத்திருந்தோம்.

திரும்பும்போது தங்கச்சி, "இதை ஏன் அக்கா கடைசியில வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டார். களைப்பும் வெயிலும் சேர்ந்த நேரத்தில் ஆட்கள் இங்கே வருகிறார்கள் என்பது சரிதான். அடுத்த வாரத்திலிருந்து வண்ணார்பண்ணை நடை சோனகத் தெருவில் தொடங்கும். காலை ஆறரைக்கு, பெரிய பள்ளிவாசல் வாசலில் சந்திப்போம். தையல்காரப் பெரியவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.