பாரம் இழுக்கும் பிக்கப்: மலை இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேத்தி பாலாடா, இத்தலார், எமரால்டு பக்கமிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற டீசல் பிக்கப்புகளுக்கு லோடு இல்லாத நாளிலும் வேலை இருக்கும். வழியில் நின்றுபோன காரைக் கட்டி இழுக்க வேண்டும். ரோடு வேலைக்கு கம்ப்ரஸரைக் கோர்த்துக்கொண்டு போக வேண்டும். சேற்றில் மாட்டிய டிரெய்லரை வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்களில் கடின உபயோகத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும். நீலகிரி வண்டிக்குப் பொருந்துவது அதுதான், ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

ஏற்றத்தில் குறை இருந்தால் வண்டி உடனே காட்டிக்கொடுக்கும். திணறும், புகை தள்ளும், நின்றுவிடும். ஒர்க்ஷாப்புக்குப் போயாக வேண்டும். இறக்கத்துக்கான குறைகள் அப்படிக் கத்துவதில்லை. அதனால் பராமரிப்பில் முதல் பணமும் முதல் கவனமும் இறக்கத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. இன்ஜினுக்குப் பிறகு வரலாம்.

கணக்கைப் பாருங்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். நடுவில் 1,500 மீட்டர் இறக்கம். பாரத்தோடு 3 டன் இருக்கும் பிக்கப் இவ்வளவு உயரம் இறங்கினால் ஏறத்தாழ 44 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போய்ச்சேர வேண்டும். 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பின்னால் பிரேக் இல்லாத 1 டன் டிரெய்லர் கோர்த்திருந்தால் இந்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடும், அதுவும் பிக்கப்பின் தலையில்தான். பெரிய லாரிகளில் இருக்கும், புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பிக்கப்பில் பொதுவாகக் கிடையாது. எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரிலேயே, பாரம் அதிகமானால் அதற்கும் ஒன்று கீழே இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் செல்லவும் என்று ரோட்டோரம் பலகை வைத்திருப்பது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் இல்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனி நோய்கள் உண்டு. பெடல் மெத்தென்று உள்ளே போய் ஒன்றும் நடக்காவிட்டால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி கட்டிவிட்டது. பெடல் வழக்கம்போல் நிற்கிறது, காலுக்கு உறுதியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேடும் டிரம்மில் உரசும் லைனரும் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டன. முதல் மிதியிலேயே பெடல் கல்லாக இருந்தால், மிதிக்கு உதவும் வேக்குவம் (வெற்றிட இழுப்பு) இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த டிரைவர் இருந்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் ஆயில். புது டாட் 3 பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த நிலையில் தர அளவு முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. குன்னூர் இறக்கத்தில் பர்லியார் தாண்டும் நேரத்தில், பேடை அழுத்தும் முன் காலிப்பர் அந்தச் சூட்டைத் தொடுவது அதிசயமில்லை. மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுவது நல்லது. 1 லிட்டர் போதும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். நடுவில் டப்பா காலியானால் காற்று புகுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து வேலை. பின் அச்சை ஜாக்கியில் தொங்கவிட்டு இந்த வேலையை (பிளீட்) செய்யாதீர்கள். அச்சு தொங்கினால் லோடு சென்சிங் வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின் லைனை நெரித்துவிடும், பழைய ஆயில் உள்ளேயே தங்கும். சக்கரம் தரையில் நிற்கட்டும்.

எல்எஸ்பிவி என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்த வால்வுதான் பாரம் ஏற்றும் பிக்கப்புகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாகம். சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு கம்பி அல்லது ஸ்பிரிங்கோடு நிற்கும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். இப்போது நம் ஊர் வழக்கம் என்ன? வண்டி வாங்கிய கையோடு பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். பாரம் ஏற்றினாலும் பாடி தாழாது. வால்வைப் பொறுத்தவரை வண்டி காலி. பின் பிரேக்குக்கு அழுத்தம் கிடைப்பதில்லை, முழுப் பாரத்தையும் முன் டிஸ்க்தான் பிடிக்கிறது. முன் பேடு வேகமாகத் தேய்கிறது, பின் லைனர் புதிதுபோல் இருக்கிறது, லைனர் நல்லா உழைக்குது என்று ஓனருக்குச் சந்தோஷம் வேறு.

பட்டை போட்டே தீர வேண்டுமென்றால், வால்வின் கம்பி நீளத்தைக் கம்பெனி அளவுப்படி மறுபடி செட் செய்ய வேண்டும். லைனில் பிரஷர் கேஜ் மாட்டி, காலியாகவும் லோடோடும் பார்த்துச் செய்கிற வேலை அது. கண்ணளவில் ஆகாது. கட்டுக்கம்பியால் வால்வை மேலே இழுத்துக் கட்டி பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடுகிற வைத்தியமும் நடக்கிறது. காலி வண்டியாக ஈரமான கோத்தகிரி ரோட்டில் வரும்போது பின் சக்கரம் பூட்டி வால் பக்கம் சுழலும்.

கையில் அடங்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வண்டியில் இருப்பது நல்லது. அடிவாரத்தில் கல்லாறு வந்ததும் நிறுத்தி நான்கு சக்கரத்தின் டிஸ்க்கையும் டிரம்மையும் அளந்துவிடலாம். முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் என்றால் சந்தேகம் வால்வின் மேல். இடமும் வலமும் வித்தியாசம் என்றால் காலிப்பர் நகரும் ஊசி (பின்) இறுகியிருக்கும், அல்லது வீல் சிலிண்டர் மாட்டிக்கொண்டிருக்கும். சூடான டிரம்மில் பக்கெட் தண்ணீரை ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும், டிஸ்க் வளையும். 15 முதல் 20 நிமிடம் நிழலில் நின்றாலே போதும், டீ குடித்த மாதிரியும் ஆச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் கியரில் போட்டுக் கட்டை வையுங்கள்.

பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். ரிவெட் அடித்த லைனர் என்றால் ரிவெட் தலைக்கு மேல் 1 மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும். டிரம்மின் அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்திருக்கும். அதைத் தாண்டிக் கடைசல் பிடித்த டிரம் மெலிந்துபோய் சூட்டைத் தாங்காது.

அடுத்தது வேக்குவம். டீசல் இன்ஜினில், மிதியின் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தனி பம்ப்தான் உண்டாக்குகிறது. பல பிக்கப்புகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜிங்கோடு பிரேக் உதவியும் போய்விடும், வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் குளிர்விப்பும் சேர்ந்தே போகும். இறக்கத்தில் பேட்டரி விளக்கு எரிந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். அதற்குள் ஓரம் கட்டிவிட வேண்டும்.

இந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் தனிக் குழாயில் வரும். சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி கார்பன் பிரஷ்ஷை நனைக்கும். அதே ஆயில் வேக்குவம் குழாய் வழியே பூஸ்டருக்குப் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் ஊதிவிடும். ஆல்டர்னேட்டர் பின்புறம் ஆயில் வடிந்திருந்தால் துடைத்துவிட்டு நகராமல் சீலை மாற்றுங்கள். பூஸ்டர் சோதனைக்கு அரை நிமிடம் போதும். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்கடியில் லேசாக இறங்க வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதியே கெட்டி என்றால் ஒருவழி வால்வோ ஹோஸோ கசிகிறது.

கட்டி இழுப்பதில் பெரும்பாலும் தப்பு நடப்பது புறப்படும் நொடியில். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் 2 டன் காரை நிதானமாக இழுக்க 200 கிலோ விசை போதும். கயிற்றைத் தளரவிட்டு வெட்டி இழுத்தால் அது பல மடங்காகி ஹூக்கைப் பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு விறைக்கும் வரை ஊர்ந்து போய், அதன் பிறகு கிளட்சை விடுங்கள். கட்டும் இடம் சேஸிஸில் போல்ட் போட்ட ஹூக்காக இருக்க வேண்டும். பம்பரிலும் ஸ்பிரிங் ஷேக்கிளிலும் கட்டக்கூடாது. கயிற்றைக் கோர்க்க 19 மில்லிமீட்டர் டி ஷேக்கிள், 4.75 டன் என்று அச்சுப் பதிந்தது, இந்த வேலைக்குத் தாராளம். இரண்டு வண்டிக்கும் இடையில் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாதிருப்பது நலம்.

கயிறு ஏற்றத்துக்கு மட்டும். இறக்கத்தில் இரும்பு டோ பார் இல்லாமல் இழுக்கவே கூடாது. பின்னால் வரும் வண்டியில் இன்ஜின் ஓடாது, அதனால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. கொண்டை ஊசி வளைவில் அது நேராக உங்கள் முதுகில்தான் வந்து நிற்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டின் 36 வளைவுகளில் டோ பார் இருந்தாலும் வேண்டாம், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

இழுவையில் அடிபடும் அடுத்த பாகம் கிளட்ச். வளைவில் அரைக் கிளட்சில் தொங்கவிட்டால் பிளேட் கருகும், ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள் விழும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெல்ல கிளட்சை விட்டுப் பாருங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் நல்லது. உறுமிக்கொண்டே நின்றால் பிளேட் நழுவுகிறது. பிளேட்டை மட்டும் மாற்றி பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் விட்டுவைப்பது வீண் சிக்கனம், கியர்பாக்ஸை இறக்கும் கூலி மறுபடி வரும்.

ஏற்றத்துக்கு வருவோம். ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரி அளவில். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்து அழுத்தம் நிற்காவிட்டால் கையிருப்பு 10 டிகிரிதான். கீழே ஒழுங்காக ஓடும் வண்டி லவ்டேல் பக்கம் வந்து கொதிப்பதற்குப் பல நேரம் காரணம் இந்தச் சின்ன மூடி. கூலன்ட் பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டரோடு. ஓடைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம். ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும், எதிர்ப்பக்கம் அடித்தால் செம்மண் உள்ளேயே அப்பிக்கொள்ளும். ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போ பேரிங் பிழைக்கும். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் டர்போ அதிகம் சுற்றுகிறது. கருப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் இன்ஜெக்டரைக் கழற்றும் முன் இன்டர்கூலர் ஹோஸ் இணைப்பைப் பாருங்கள், கசியும் இடத்தில் ஆயில் ஈரம் தெரியும்.

டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கும் வேலை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. குளிர் இரவில் பாதி டேங்க்கின் உட்சுவரில் ஈரம் படியும் என்பதால் மாலையிலேயே நிரப்பிவைப்பது உத்தமம். பிஎஸ்-6 வண்டியில் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருந்தால், தோட்டத்துக்கும் கேரட் கழுவும் இடத்துக்குமாக ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து உரமோ அரிசியோ ஏற்றி ஒரே மூச்சில் ஏறும் ஓட்டம் அதற்கு நல்ல மருந்து. அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் நடக்கும்போது அணைத்துக்கொண்டே இருந்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் ஏறியிருப்பது நல்ல சகுனம் இல்லை.

பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலில் மறக்கப்படுவது மூச்சுக்குழாய். சேற்றில் அடைத்தால் உள்ளே சூடான காற்று ஆக்ஸில் சீல் வழியே ஆயிலைத் தள்ளும், ஆயில் லைனரை நனைக்கும். மறுபடி பிரேக்கில் வந்து நிற்கிறோம். கியர் ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல் தூள் இருந்தால் சரி, செதில் இருந்தால் திறந்து பார்க்க வேண்டும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில். கியர்பாக்ஸுக்குப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையே போடுங்கள், ஜிஎல்-5 சில பெட்டிகளில் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும்.

கேபினில் இருக்க வேண்டியவை: ஒரு ஆல்டர்னேட்டர் பெல்ட், அதை மாற்றத் தேவையான ஸ்பேனர், இரண்டு ஹோஸ் கிளாம்ப், சீல் உடைக்காத அரை லிட்டர் பிரேக் ஆயில், இரண்டு மரக்கட்டை. கட்டைக்குப் பதில் ரோட்டோரக் கல்லை வைத்துவிட்டு நடு ரோட்டிலேயே போட்டுப் போகும் பழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. மூடுபனியில் பின்னால் வருகிற பைக்காரனுக்கு அது தெரியாது. கட்டையில் ஒரு கயிறு கட்டி பாடி கொக்கியில் மாட்டிவிட்டால், கிளீனர் மறந்தாலும் கட்டை வண்டியோடு வந்துவிடும்.