வைரஸ் என்று தூக்கப்பட்ட என் பில்லிங் புரோகிராம்

போன மார்கழியில், மழை ஓய்ந்து ரப்பர் பால்வெட்டு சூடுபிடித்த சமயம், காலை ஏழரைக்கு குலசேகரத்திலிருந்து போன். ரப்பர் ஷீட் எடுக்கும் அண்ணாச்சி.

"பிள்ளே, எனக்க பில்லு புரோகிராமக் காணல்ல. ஐக்கான் மட்டும் வெள்ளையாக் கெடக்கு, அமுக்கினா ஒண்ணும் வரல்ல. வாசல்ல ஆளு ஷீட்டோட நிக்குது."

ஐந்து வருஷமாக அவர் கடையில் ஓடும் புரோகிராம், நான் எழுதியது. முந்தின இரவு அவர் கம்ப்யூட்டரில் ஆன்ட்டிவைரஸ் அப்டேட் ஆகியிருக்கிறது. விடிவதற்குள் என் எக்ஸி ஃபைலை, அதாவது புரோகிராமையே, ட்ரோஜன் (நல்லது போல வேஷம் போட்டு வரும் தீய புரோகிராம்) என்று முடிவுகட்டி குவாரன்டைன் என்ற சிறையில் போட்டுவிட்டது. கணக்கு வேறு ஃபோல்டரில் இருந்ததால் அது தப்பித்தது.

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, தக்கலை வழியாக நான் போய்ச் சேர்வதற்குள் ஆன்ட்டிவைரஸ் விற்ற டீலர் போனிலேயே 'சரிசெய்து' கொடுத்திருந்தார். மொத்த ஃபோல்டரையும் எக்ஸ்க்ளூஷனில், அதாவது ஆன்ட்டிவைரஸ் பார்க்காமல் விடும் பட்டியலில், சேர்க்கச் சொல்லியிருக்கிறார். புரோகிராம் ஓடியது, அண்ணாச்சிக்கும் சந்தோஷம். எனக்குத்தான் வயிறு கலங்கியது.

அவருக்குப் புரியவைக்க ஐகார் சோதனைக் கோப்பை எடுத்தேன். 68 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி. அது வைரஸ் இல்லை. ஆன்ட்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே, அதைக் கண்டால் கத்த வேண்டும் என்று கம்பெனிகள் ஒத்துக்கொண்ட கோப்பு. டெஸ்க்டாப்பில் போட்டேன், போட்ட கையோடு சிவப்புக் கட்டம் வந்து அழித்தது. அதையே எக்ஸ்க்ளூட் செய்த ஃபோல்டரில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அப்போ இந்த வாசல் வழியா கள்ளன் வந்தா நாயி கொரைக்காது, இல்லியா?" அதேதான். ஃபோல்டர் விலக்கை எடுத்துவிட்டு, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்தேன். யாராவது உங்களிடம் ஃபோல்டரையே எக்ஸ்க்ளூட் செய்யச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். டிரைவையே செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் பிடித்தது? நான் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே எக்ஸியாகக் கட்டிக் கொடுப்பவன். அப்படிக் கட்டிய ஃபைல், திறந்ததும் தன்னை டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டு அங்கிருந்து ஓடும். தீய புரோகிராம்கள் பலவும் இதையே செய்கின்றன. கட்டும் கருவியும் சில சமயம் இதே கருவிதான். அதனால் சாயலைப் பார்த்தே பிடித்துவிடுகிறது. வைரஸ் பெயரில் 'ஜெனரிக்' என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சாயல் வழக்குதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு ஃபைலைப் பல ஆன்ட்டிவைரஸ்களிடம் ஒன்றாகக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். எழுபதுக்கு மேற்பட்ட இன்ஜின்களில் நான்கு மட்டும் சிவப்பு. ஒரு எச்சரிக்கை: அங்கே ஏற்றும் ஃபைலை மற்ற பாதுகாப்புக் கம்பெனிகளும் எடுத்துப் பார்க்க முடியும். வாடிக்கையாளர் கணக்கு, பாஸ்வேர்ட் எதுவும் உள்ளே இருக்கும் ஃபைலை ஏற்றிவிடாதீர்கள்.

நான்கில் மூன்று கம்பெனிகள், 'தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்' என்று நான் ஃபாரம் நிரப்பி அனுப்பியதும் ஒரு வாரத்துக்குள் சரிசெய்துவிட்டன. நாலாவது, அண்ணாச்சி கடையில் இருந்த அதே ஆன்ட்டிவைரஸ், அதோடுதான் என் மல்லுக்கட்டு. முதலில் ஜிப் செய்து மெயிலில் அனுப்பினேன், உள்ளே எக்ஸி இருந்ததால் மெயிலே போகவில்லை. பிறகுதான் வழக்கம் தெரிந்தது: சாம்பிளை 'இன்ஃபெக்டட்' என்ற ஆங்கிலச் சொல்லையே பாஸ்வேர்டாகப் போட்டு ஜிப் செய்து, அவர்களுடைய ஃபாரம் வழியாகவே ஏற்ற வேண்டும். ஏற்றினேன். மறுநாளே பதில்: 'பரிசோதித்தோம், ஃபைல் தீயதுதான்.' ஒரு மனிதர் பார்த்து எழுதியதற்கான அடையாளமே இல்லை. அந்த வரியைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருபது வயதிலிருந்து எழுதிப் பிழைக்கிறவனைப் பார்த்து ஒரு மெஷின் திருடன் என்கிறது.

இரண்டாம் தடவை கோபத்தை ஓரம்வைத்து விவரமாக எழுதினேன். புரோகிராம் என்ன செய்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள், எந்தக் கருவியால் கட்டினேன், ஆன்ட்டிவைரஸின் வெர்ஷன் எது, அப்டேட் தேதி என்ன, குவாரன்டைன் திரையின் படம், எல்லாம். நாலு நாளில் 'தவறான கண்டறிதல், நீக்கிவிட்டோம்' என்று பதில் வந்தது. அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு மறுபடி குலசேகரம் போனேன். அனுமதியை எடுத்துவிட்டு ஸ்கேன் போட்டால் மறுபடியும் சிவப்பு.

அன்றைய பயணம் வீணானதற்குக் காரணம் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று. அனுப்பியது என் லேப்டாப்பில் புதிதாகக் கட்டிய ஃபைல். கோட் ஒரு எழுத்தும் மாறவில்லைதான், ஆனால் கட்டும்போது நேரம் போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் உள்ளே பதிவதால் ஷா-256 கைரேகை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற எழுத்து வரிசை) வேறாகிவிடும். அவர்கள் என் லேப்டாப் ஃபைலை விடுவித்திருக்கிறார்கள். கடை ஃபைல் அப்படியே மாட்டியிருக்கிறது. பிடிபட்ட கம்ப்யூட்டரில் இருக்கும் அதே ஃபைலை எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் அந்த 64 எழுத்து ஹாஷை இரண்டு பக்கமும் ஒட்டிப் பாருங்கள், கடைசி நாலு எழுத்தாவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பெனிகளிடம் நாம் கெஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மனியின் மக்டபுர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைச் சாலை ஆன்ட்டிவைரஸ்களுக்குப் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி என்று மூன்றுக்கும் தலா 6 மார்க் வரை போடுகிறது. நல்ல ஃபைலைத் தவறாகப் பிடித்தால் மூன்றாவதில் மார்க் குறையும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரடிவ்ஸும் தவறான எச்சரிக்கைகளைத் தனியாக எண்ணி வெளியிடுகிறது. நிறையப் பிடிப்பது மட்டும் திறமை இல்லை, விட வேண்டியதை விடுவதும் திறமை என்று அங்கேயே கணக்கு வைத்திருக்கிறார்கள். குலசேகரத்து ரப்பர் கடை அந்தச் சோதனைச் சாலைக்குத் தெரியாது. நாம் அனுப்பினால்தான் தெரியும்.

இது முடிவதற்குள் அடுத்தது. கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் கூலிக் கணக்கு என் புரோகிராமில்தான். யார் எத்தனை கிலோ உடைத்தார்கள் என்று பதிந்து சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுவார்கள். அங்கே புதிதாக ஆப்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டை வைத்தார்கள்; பட்டியலில் இருக்கும் புரோகிராம் மட்டுமே ஓடும். வெள்ளிக்கிழமை சோதனையில் எல்லாம் ஓடியது, என் புரோகிராமும் ஓடியது. சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'நிர்வாகி தடுத்துள்ளார்'. கூலிக்கு உட்கார்ந்திருந்த அக்காமார் ஆறு மணி தாண்டியும் காத்திருந்தார்கள். கடைசியில் நானும் சூப்பர்வைசரும் நோட்டில் கூட்டிப் போட்டோம். கடைசி பஸ் போய்விடும் என்று ஒரு அக்கா எழுந்து எழுந்து வாசலைப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

காரணம்: வெள்ளிக்கிழமை, விண்டோஸின் பின்னணியில் ஓட வேண்டிய அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடவே இல்லை. அது ஓடாவிட்டால் ஆப்லாக்கர் எதையும் தடுக்காது. பூட்டாத கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு சாவி பொருந்துகிறது என்று நம்பியிருக்கிறோம். ராத்திரி ரீஸ்டார்ட் ஆனதும் சர்வீஸ் எழுந்தது. பட்டியலில் இருந்ததோ என் பழைய வெர்ஷனின் ஹாஷ். ஆகவே பூட்டைச் சோதிக்கும்போது, ஓட வேண்டியது ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஓடக் கூடாத ஒன்றைத் திறந்து, அது தடுக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு வாரமாவது, தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் 'ஆடிட் ஒன்லி' முறையில் விடுங்கள். பூட்டு நிஜமாக இருந்தால் தடுக்கப்பட்டிருக்கும் என்பது, விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் லாகில் 8003 என்று விழும், நிஜமாகத் தடுத்தால் 8004.

அவசரத்துக்கு ஆலையின் ஐடி தம்பி டி டிரைவ் ஃபோல்டருக்கே பாத் ரூல் போட்டார், அதாவது அந்த ஃபோல்டரில் இருக்கும் எதுவும் ஓடலாம். சாதாரண லாகினில் நுழைந்து நோட்பேடைக் காப்பி செய்து அந்த ஃபோல்டரில் வைத்துத் திறந்தேன், ஓடியது. டெஸ்க்டாப்பில் வைத்தால் ஓடவில்லை. எல்லாரும் எழுதக்கூடிய ஃபோல்டருக்குப் பாத் ரூல் போட்டால் பூட்டு போட்டும் பயனில்லை. தம்பி உடனே புரிந்துகொண்டு எடுத்துவிட்டார். ஃபைலின் ஹாஷைப் பார்த்து விடும் ஹாஷ் ரூல் போட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாற்ற வேண்டும். மிச்சம், வெளியிட்டவரின் கையொப்பத்தைப் பார்த்து விடும் பப்ளிஷர் ரூல். அதற்கு என் ஃபைலில் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்.

கையொப்பச் சான்றிதழ் வாங்கியது தனிப் படலம். 2023 ஜூன் 1 முதல், கையொப்பம் போட வேண்டிய ரகசியச் சாவியைச் சும்மா ஃபைலாகத் தருவதில்லை. யூஎஸ்பி டோக்கன் மாதிரி ஒரு வன்பொருளில்தான் இருக்க வேண்டும். பணம் கட்டியது பத்து நிமிஷ வேலை. மாட்டியது இனிஷியலில். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒற்றை எழுத்து. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது இரண்டு ஆள். நாகர்கோவில் கோர்ட் பக்கம் நோட்டரியிடம் 'இருவரும் ஒருவரே' என்று பத்திரம் எழுதி அனுப்பினேன். தமிழில் இருந்ததால் திருப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதி மறுபடி அலைந்தேன். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாக் காகிதத்திலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். டோக்கன் வந்ததும் பாஸ்வேர்டைப் பத்திரமாக எழுதி வையுங்கள், பல தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். கையொப்பம் போடும்போது டைம்ஸ்டாம்ப்பும் (எப்போது போட்டது என்பதற்கான முத்திரை) சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய ஃபைல்களின் கையொப்பமும் செல்லாமல் போகும். ஒரே எக்ஸியாகக் கட்டுவதையும் விட்டுவிட்டேன். இப்போது சாதாரண இன்ஸ்டாலர்தான்.

புது வெர்ஷனை முதலில் குலசேகரத்தில் போட்டேன். எந்த அனுமதியும் விலக்கும் இல்லாமல் ஸ்கேன் போட்டு அண்ணாச்சியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சுத்தம். ஐகாரை மறுபடி டெஸ்க்டாப்பில் போடச் சொன்னார் அவரே. நொடியில் பிடித்தது. "நாயி முழிச்சிருக்கு" என்றார்.

போன சனிக்கிழமை முந்திரி ஆலையில் கையொப்பம் போட்ட அப்டேட் இரண்டாவது முறையாக இறங்கியது. ரூலில் யாரும் கை வைக்கவில்லை. லாகில் 8002, அனுமதிக்கப்பட்டது. ஐந்தரை மணிக்கு கடைசி அக்கா கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.