குன்னூர்க் குழந்தைக்கு ஒரு கம்பளிப் போர்வை

குன்னூரில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். அங்கே மழையும் குளிரும் சேர்ந்து அடிக்கும் மாதம் அது. குழந்தைக்கு என் கையாலேயே ஒரு போர்வை பின்னித் தருவது என்று முடிவானதும் முதல் கேள்வி நூல்தான்.

கோவைக் கடைகளில் உல்லன் நூல் கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் எடுத்துப் போடுவார்கள். விலை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் சித்தி வீட்டில் குளிருக்குக் கணப்பு உண்டு, குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் வழக்கமும் உண்டு. தணலுக்குப் பக்கத்தில் அக்ரிலிக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நூலிலும் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பார்த்தேன். அக்ரிலிக் சட்டென்று பற்றி உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கறுப்பாக இறுகிவிட்டது. கம்பளி முடி கருகும் வாடையோடு சுருண்டது. தீக்குச்சியை எடுத்ததும் அணைந்தது, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

வாங்கியது மெரினோ கம்பளி, சூப்பர்வாஷ் வகை, டிகே கனம் (ரொம்பத் தடிப்பும் இல்லை, மெல்லிசும் இல்லை), 50 கிராம் பந்துகள். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை மழுங்கடித்திருப்பார்கள் என்பதால் வாஷிங் மெஷினில் போடலாம். பிள்ளை பெற்ற வீட்டில் கைத்துவையலுக்கு யாருக்கு நேரம்? நிறம் கடுகு மஞ்சள். எண்ணெய்க் கறை பட்டாலும் கண்ணை உறுத்தாது.

அடுத்து, எந்தப் பின்னல்? பனியன் துணியை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். கையால் பின்னும்போது ஒரு பக்கம் வழவழப்பாக வரும் ஸ்டாக்கினெட்டும் அதே அமைப்புதான், அதே மாதிரிதான் சுருளும். எல்லா வரிசையும் நிட் என்ற ஒரே அடிப்படைப் பின்னலாகவே போகும் கார்ட்டர் பின்னலில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்று, அதனால் தட்டையாகக் கிடக்கும். ஓட்டை ஓட்டையான லேஸ் டிசைன்கள் படத்தில் அழகுதான், ஆனால் குழந்தையின் விரல் போய் மாட்டும். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

4 மி.மீ. ஊசியில் பின்னிய மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்), 40 வரிசை வந்தது. கார்ட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்: ஒரு வரிசையின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்தில் பாதி. ஒரு மூலையில் தொடங்கி வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விரிந்து, மூலை சரியாக 90 டிகிரியில் நிற்கும். கண்ணி கூட்ட வழக்கமாக நூலை ஊசிமேல் சுற்றுவார்கள், அதில் ஓரமெல்லாம் துளை விழும். நான் ஒரே கண்ணியின் முன்னும் பின்னும் பின்னி இரண்டாக்கினேன். ஓரம் கெட்டியாக வந்தது.

80 செ.மீ. சதுரம் என்றால் மூலைவிட்டம் 113 செ.மீ., நடுவில் ஊசியில் 226 கண்ணி ஏறும். நேர் ஊசி இதற்கு ஆகாது. இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைக்கும் 100 செ.மீ. வட்ட ஊசியில் பின்னினால் கனம் முழுக்க மடியில் உட்கார்ந்துகொள்ளும், மணிக்கட்டு வலிக்காது. எப்போது கண்ணி குறைக்க ஆரம்பிப்பது என்று கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் நூலை நிறுத்து, பாதி தீர்ந்ததும் வரிசைக்கு ஒரு முறை இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துக் குறைக்கத் தொடங்கினால் போதும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மொத்தம் ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம் கண்ணிகள். கடைசி மூலைக்கு வரும்போது வரிசைகள் குறுகிக்கொண்டே போவதால் கை தானாக வேகம் பிடிக்கிறது. நிறுத்தவே தோன்றவில்லை!

பந்து மாற்றும் இடங்களில் முடிச்சு போடவில்லை, பிஞ்சுத் தோலில் அது உறுத்தும். சாதாரணக் கம்பளியின் இரு முனைகளையும் ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். சூப்பர்வாஷ் அப்படி ஒட்டாது. அதனால் ஓரத்தில் 15 செ.மீ. வால் விட்டு, மொட்டை ஊசியால் ஒரு திசையில் கோத்து, திரும்ப எதிர்த் திசையிலும் கோத்தேன்.

துவைத்ததும் 80 செ.மீ. 83 ஆனது. மாதிரித் துண்டும் இப்படித்தான் நீண்டது. கொடியில் தொங்கவிட்டால் இன்னும் இழுபடும், அதனால் குளியல் துண்டு விரித்து அதன்மேல் காயப்போட்டிருக்கிறேன்.

"தூளியில போட்டு மூடலாமாடி?" என்று சித்தி போனில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையோடு தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது, முகத்தை மூடினால் மூச்சு முட்டும். மடியில் போட்டுக்கொள்ள, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட, தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும்போது கால் பக்கம் சுற்ற, இதற்கெல்லாம் தாராளமாக ஆகும்.

பிறக்கும் முன் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை, பேர் வைக்கும் நாளில்தான் கொடுப்பேன். துவைக்கும் முறையை ஒரு அட்டையில் எழுதி, மிச்சமுள்ள நூலையும் அதிலேயே சுற்றி வைத்திருக்கிறேன். எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் அதே சாயத்தில் தைத்துக்கொள்ளலாம்.