மெஷினில் பூஜ்யம், ரோட்டில் ஆட்டம்: நாலு மாதத்துக்குப் பிறகு சிக்கிய காரணம்

நேற்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு காரை எடுத்துக்கொண்டு சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தாண்டி ஓமலூர் பக்கம் விட்டேன். 80, 85, 90 என்று ஏற்றினேன். வழக்கமாக ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும் வேகமெல்லாம் வந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை. 95-ல் ஆள் இல்லாத பக்கத்து சீட்டின் தலைப்பகுதி கிடுகிடுவென்று ஆடும், அதுவும் அப்படியே நின்றது. தீவட்டிப்பட்டி வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன், வரும்போதும் ஆடவில்லை. நாலு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இது, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டீசல் ஹேட்ச்பேக். 14 இஞ்ச் அலாய் வீல், 165/80 டயர். அடிப்படை சோதனைகளை விளக்கப் போவதில்லை, பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் எங்கே பார்க்கணும், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் எங்கே பார்க்கணும் என்று உங்களுக்கே தெரியும். என் வண்டியில் இரண்டுமே இல்லை. 85-ல் தொடங்கி 95-ல் உச்சத்துக்குப் போய் 110 பக்கம் கொஞ்சம் அடங்கும். நியூட்ரலில் உருட்டினாலும் அதே ஆட்டம், நாலாவது கியரில் வைத்தாலும் அதே ஆட்டம். ஆக எஞ்சின் இல்லை, எஞ்சின் சக்தியை வீலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டும் இல்லை, வீல் பக்கம்தான் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆனால் வீல் பக்கம் என்றால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், பேலன்சிங், அதாவது வீலின் எடை சுற்றிலும் சமமாக இருக்க ரிம்மில் சின்ன வெயிட் ஒட்டுவது.

இரண்டு கடைகளில் நாலு தடவை பேலன்சிங் செய்தேன். நாலு தடவையும் மெஷின் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டியது, நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு கடையில் அலைன்மென்ட்டும் பார்க்கச் சொன்னார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், இந்த மாதிரி குறிப்பிட்ட வேகத்தில் ஆடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. அதற்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியாகப் போனபோது, "டயர்ல பிரச்சனை இருக்கும் சார், ரெண்டு டயர் மாத்திப் பாருங்க" என்றார்கள். டயர் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது! அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இனி நானே அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் போன். ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, இலவசம். போனுக்குள் இருக்கும் சென்சாரை வைத்து அதிர்வு நொடிக்கு எத்தனை தடவை என்று வரைபடமாகக் காட்டும். மச்சானை ஓட்டச் சொல்லி, போனை சீட் ரெயிலில் டேப் போட்டு இறுக்கி ஒட்டினேன். 90-ல் போகும்போது 13 பக்கத்தில் ஒரு கூர்முனை எழுந்தது. என் டயர் ஒரு சுற்று உருண்டால் ஏறத்தாழ 1.9 மீட்டர், 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர், வகுத்தால் 13. 80-க்குக் குறைத்ததும் முனை 11.7 பக்கம் இறங்கியது. வீல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு அதிர்வு, சந்தேகமே இல்லை.

அப்புறம் ஒரு நாள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பொறி தட்டியது. ஒவ்வொரு தடவை வீலைக் கழற்றி மாட்டிய பிறகும் ஆட்டத்தின் அளவு மாறியிருந்தது. முதல் பேலன்சிங்குக்குப் பிறகு பாதியாகக் குறைந்தது, மெஷின் வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டேன். பிரேக் பேட் பார்க்க வீட்டில் கழற்றி மாட்டினேன், பழையபடி கூடிவிட்டது. அன்று வெயிட்டை யாரும் தொடவே இல்லையே! அப்படியானால் மாறியது வீல் இல்லை, ஹப்பில் வீல் போய் உட்காரும் இடம்.

இங்கேதான் டயல் கேஜ், முனை பட்ட இடம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று முள்ளால் காட்டும் கருவி. செவ்வாய்பேட்டையில் ஒரு டூல்ஸ் கடையில் மேக்னடிக் ஸ்டாண்டோடு சேர்த்து 1,450 ரூபாய்க்கு வாங்கினேன், 0.01 மி.மீ. வரை காட்டும். பெரிய கம்பெனி கேஜ் வாங்கினால் விலை எங்கேயோ போய்விடும், நம் வேலைக்கு இது தாராளம். பிரச்சனை ஸ்டாண்டை எங்கே ஒட்டுவது என்பதுதான். வீட்டு வாசலில் சிமெண்டுத் தரை, காந்தம் ஒட்டாது. இரும்புத் தகடு போட்டுப் பார்த்தேன், வீலைச் சுற்றும்போது கை பட்டாலே தகடு நகர்ந்து ரீடிங் எகிறியது. கடைசியில் எங்கள் தாத்தாவின் மளிகைக் கடையில் இருந்த 20 கிலோ எடைக்கல்லைப் பரணிலிருந்து இறக்கினேன். அதன் கீழே ஒரு துண்டு ரப்பர் ஷீட், மேலே ஸ்டாண்டு. அசையவே இல்லை, இதைவிட நல்ல பீடம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, வண்டிக்கு அடியில் தாங்கு ஸ்டாண்டு கொடுத்து, பின் வீல்களுக்குக் கல் வைத்து, நியூட்ரல். முதலில் வீல் இல்லாமல் ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் அந்த வட்டத்தில் கேஜ் முனையை வைத்துச் சுற்றினேன். 0.03 மி.மீ. டிஸ்க்கின் முகத்தில் 0.04. இரண்டும் அருமை, பேரிங்கில் குறை இல்லை. பிறகு வீலை மாட்டி, ரிம்மின் வெளி உதட்டுக்கு உள்பக்கம் கேஜ் முனையை வைத்தேன். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பெயின்ட் உதிர்ந்த புள்ளியோ கல் பட்ட வடுவோ இருந்தால் முள் துள்ளும், அந்தத் துள்ளலைக் கோட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிம்மில் சாக்பீஸால் எட்டு இடத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, முள் நின்ற பிறகு எழுதிக்கொண்டேன். இடது முன் வீலில் அதிக ரீடிங்குக்கும் குறைந்த ரீடிங்குக்கும் வித்தியாசம் 1.1 மி.மீ.

நட்டை லூஸ் செய்து வீலை ஒரு துளை தள்ளி மாட்டினேன், 0.6. மறுபடி கழற்றி மாட்டினேன், 0.9. அதே வீல், அதே ஹப், மூன்று தடவைக்கு மூன்று அளவு! அந்த நிமிஷம் நோட்டை மூடிவிட்டு உள்ளே போய் ஒரு டீ குடித்தேன், அவ்வளவு நிம்மதி. மறுநாள் அந்த வீலையும் கேஜையும் எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போய், பேலன்சிங் மெஷினிலேயே கூம்பு போட்டு மாட்டி அளந்தேன். 0.3 தான். ரிம்மில் கோட்டம் இல்லை. மெஷினில் கூம்பு வீலின் நடுத் துளையைப் பிடித்து மையத்தில் உட்கார வைக்கிறது, என் வண்டியில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

வெர்னியர் போட்டுப் பார்த்தேன். ஹப் 54 மி.மீ., அலாயின் நடுத் துளை 73. இடையில் ஒரு ரிங் இருக்க வேண்டும், அலாய் வாங்கியபோது பிளாஸ்டிக் ரிங் இருந்தது எனக்கே நினைவிருக்கிறது. இப்போது முன்னால் இரண்டிலும் இல்லை. பின் இடது ஹப்பில் பாதி ரிங் உடைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, கையில் எடுத்ததும் ரஸ்க் மாதிரி நொறுங்கியது. ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவையும் மாதம் இரண்டு தடவை இறங்குகிற வண்டி இது. இரண்டாவது கியரில் இறங்கினாலும் அடிவாரம் வரும்போது டிஸ்க் கொதிக்கும், அந்தச் சூடு ஹப்புக்கும் போகும், மட்டமான பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? டயர் மாற்றிய அன்று மிச்சத் துண்டுகளும் குப்பையோடு போயிருக்க வேண்டும். வீலைக் கழற்றும் இடத்தில் ஒரு ரிங் உடைந்து விழுந்தால் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முனை கூம்பாக இருக்கும் வீல் நட்டே வீலை மையத்துக்குக் கொண்டுவந்துவிடாதா என்று கேட்கலாம். கொண்டுவரும், வீல் அந்தரத்தில் இருக்கும்போது நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் பெரும்பாலும் கொண்டுவரும். ஏர் கன்னை வைத்து ஒரே நட்டை முழுசாக இறுக்கிவிட்டால் வீல் எங்கே தொங்கிக்கொண்டிருந்ததோ அங்கேயே ஹப் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், மற்ற மூன்று நட்டும் அதை நகர்த்தாது. 1.1 வித்தியாசம் என்றால் மையம் தள்ளியிருப்பது அதில் பாதி, அரை மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். டயரோடு சேர்த்து என் வீல் எடை 14.8 கிலோ. அது முழுவதும் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தால், ரிம் ஓரத்தில் 40 கிராமுக்கு மேல் வெயிட் தப்பாக ஒட்டியதற்குச் சமம். 90-ல் போகும்போது அது நொடிக்கு 13 தடவை ஐந்து கிலோ விசையில் வீலை உலுக்கும்.

ரிங்கை ஆன்லைனில் தேடினேன், மறுபடியும் பிளாஸ்டிக்கே வந்தது. சரி, சேலத்தில் இருந்துகொண்டு ஒரு ரிங்குக்கு அலைவதா என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு சந்தில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் வீலையும் என் அளவுச் சீட்டையும் பார்த்துவிட்டு, "சீட்டு கெடக்கட்டும் தம்பி, ஹப்பை நானே அளக்கணும், வண்டியக் கொண்டா" என்றார். மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்து, ஹப்பில் துருவை உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிட்டு நாலு பக்கம் அளந்தார். "தட்டிப் போகணுமா, தள்ளினாப் போகணுமா?" என்று கேட்டார். வீலுக்குள் தட்டி ஏறணும், ஹப்பில் கையால் தள்ளினால் போகணும் என்றேன். அலுமினியத்தில் கடைந்து, உள் விளிம்பில் சின்னதாகச் சரிவு எடுத்துக் கொடுத்தார். அந்தச் சரிவு முக்கியம், இல்லாவிட்டால் ஹப்பின் அடி வளைவில் ரிங் முட்டி வீல் முகத்தோடு உட்காராது. ஒன்று 250 ரூபாய். அவர் பட்டறையில் ஒரு பழைய லேத்தின் அடித்தளத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார், பார்க்கவே ஆசையாக இருந்தது. இன்னொரு நாள் போய் ஜாக்கி மேல் வைக்க ஒரு நைலான் தலை கடையச் சொல்லப் போகிறேன், கதவுக்குக் கீழே ஜாக்கி முட்டும் ஓரத்தில் பெயின்ட் உரிகிற தொல்லை தீரும்.

மாட்டும் முன் ஹப் முகத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, நட்டு ஏறும் ஸ்டட் அடியில் இருந்த துருச் செதிலை உப்புத்தாளால் எடுத்தேன். அலுமினியமும் இரும்பும் மழையில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் ரிங்கின் உள்பக்கம் மட்டும் மெலிதாக கிரீஸ். நட்டில் கிரீஸ் படக் கூடாது. அந்தரத்தில் குறுக்காகக் கையிறுக்கம், இறக்கிய பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 85 நியூட்டன் மீட்டர். மறுபடி தூக்கி கேஜ் வைத்தேன், 0.31. கழற்றி வேறு துளையில், 0.33. மூன்றாவது தடவை, 0.30. வலது பக்கம் மூன்று தடவையும் 0.4-க்குள். அதன் பிறகுதான் நேற்றைய ஓட்டம். போனில் 13 பக்கத்து முனை முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பின் வீல் இரண்டுக்கும் ரிங் இன்னும் வரவில்லை, பவர் கட்டில் அண்ணனின் வேலை நின்றுபோய் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வலது பின் டயரை அளந்தேன், ரிம் சரியாக இருந்தும் ரோட்டில் படும் டயரின் மேல்முகத்தில் 1.2 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி உட்கார வைத்துப் பார்க்கணும். புது டயரின் பக்கவாட்டில் வரும் சிவப்புப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் இதற்குத்தான். மஞ்சள் எடை குறைந்த இடம், அது வால்வு பக்கம் வரணும். சிவப்பு உயர்ந்த இடம், அது ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேராக வரணும். என் டயரில் இரண்டுமே அழிந்துவிட்டது, அதனால் கேஜ் வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். புதன் ரிங், சனிக்கிழமை டயர், ஞாயிறு குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறி, இந்தப் பக்கம் 20 வளைவும் இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தி ஹப் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக ஓமலூர் ரோடு.