பூட்டனுக்கு இரண்டாம் கல்யாணமாம்!

எங்கள் பூட்டனின் கல்யாணப் பதிவு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. பழைய சர்ச் ரிஜிஸ்டர். ஓரமெல்லாம் செல்லரித்து, தொட்டால் உதிர்கிறது. நல்லவேளை, அந்த வரி தப்பியிருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இதற்கென்று ஒரு படிவமே வகுத்திருக்கிறது. தேதி, பெயர், வயது, தொழில், வசிப்பிடம், தகப்பனார் பெயர், அப்புறம் சாட்சிகளின் கையெழுத்து. தேடுகிறவர்களுக்குத் தகப்பனார் பெயர்தான் புதையல். ஒரே வரியில் இரண்டு வீட்டிலும் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், பாதி உத்தேசம்தான்.

ஆனால் எங்களை உட்கார வைத்தது வேறொரு கட்டம். மாப்பிள்ளை கல்யாணமாகாதவரா, மனைவியை இழந்தவரா என்று அதில் எழுத வேண்டும். பூட்டன் பெயருக்கு நேரே, மங்கிய மையில், 'மனைவியை இழந்தவர்'. அப்படியானால் முதல் மனைவி யார்? மூத்த தாத்தாவுக்கும் அடுத்தவருக்கும் அத்தனை வயசு வித்தியாசம் இதனால்தானோ?

அடுத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதில் பிள்ளை பெயரோடு தாய் பெயரும் இருக்கும். அடக்கப் பதிவேடும் கிடைத்தால் அந்த அம்மாள் இறந்த வருஷம் தெரிந்துவிடும்.

பெரியத்தையிடம் அந்தப் பதிவின் போட்டோவைக் காட்டினேன். "இது எனக்குத் தெரியுமே" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "நீ எப்போ கேட்டே?"