தனியார் உளவியலாளரிடம் போவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை

அம்மா இறந்துபோன பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடவென்று அடிக்கும், வகுப்பில் நிற்கும்போதே கை விறைத்துவிடும். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். யாரிடம் போவது, எவ்வளவு காசு முடியும், உள்ளே போனால் என்னதான் கேட்பார்கள் என்று தமிழில் எடுத்துச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குறை அடுத்தவருக்கு இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்தார்கள், தைரொயிட்டுக்கும் இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும், அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்து பயனில்லை. எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. அதன் பிறகுதான் டொக்டர், "பிள்ளை, இது மனசோட பாரம், பேசித் தீர்க்க ஆள் இருக்காங்க" என்றார்.

பேசித் தீர்க்கிற ஆள் யார் என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மனநல வைத்தியர் டொக்டருக்குப் படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். காசு கட்டி டொக்டரைப் பார்க்கிற சேனலிங் சென்டரில் நம்பர் எடுத்து மனநல வைத்தியரைப் பார்த்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம், அது அவருடைய வேலையின் அமைப்பு, அவர் அக்கறை இல்லாதவர் என்று அர்த்தமில்லை. ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் தேட வேண்டியது உளவியலாளரை. ஆனால் உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர், என்று போர்டு போட்டிருக்கிறவர்களில் பல வருடம் படித்தவரும் இருப்பார், குறுகிய கால டிப்ளோமா முடித்தவரும் இருப்பார். அதனால் எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அடுத்தது மொழி. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. கண்டியில் இருப்பவர்களில் பலர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் பேசுவார்கள். கடைக்கும் ஒபிஸுக்கும் எனக்குச் சிங்களம் போதும், ஆனால் அம்மாவின் கடைசி இரவை அந்த மொழியில் என்னால் சொல்ல முடியாது. ஓர் இடத்தில், "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, மொழிபெயர்க்கச் சொல்லலாம்" என்றார்கள். நான் போகவில்லை. தம்பி பக்கத்தில் இருந்தால் தம்பியைப் பற்றி நான் எப்படி வாயைத் திறப்பது? கடைசியில் தமிழ் பேசும் ஒருவரின் நம்பர் கிடைத்து, போனிலேயே எல்லாம் கேட்டேன்.

"மிஸ், நான் சொல்றது வீட்டுக்குப் போகுமா?"

"நீங்க சம்மதிக்காம போகாது. உங்க உயிருக்கோ வேற யாருடைய உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் ஒருத்தருக்குச் சொல்லியாகணும், அதையும் உங்ககிட்ட சொல்லத்தான் பார்ப்பேன். முதல்ல ஒரு தடவை வாங்க. நான் உங்களுக்குச் சரியா வருவேனான்னு நீங்களும் பாருங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. முதல் சந்திப்பு என்பது நாமும் அவரை எடைபோடும் நாள்தான். காசு கொடுத்தோமே என்று ஒத்துவராத ஒருவரிடம் தொடர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஓர் அமர்வுக்குக் கேட்கும் தொகை சில நாள் கொழுந்தெடுத்த கூலி, அதன் மேல் பஸ் காசு, போட்ட லீவு. சென்டர் கட்டணம் தனியாகவா, எத்தனை நிமிடம், குறைந்தது எத்தனை அமர்வு வரும், வர முடியாவிட்டால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் முன்கூட்டியே கேளுங்கள். நம் பக்கத்தில் மழை பெய்தால் மண் சரிந்து ரோடு மூடுகிற நாளும் வரும். அப்படி வராமல் போனாலும் காசு எடுப்பீர்களா என்று நான் நேராகவே கேட்டேன், அந்த மாதிரி நாளில் போனில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

போனில் என்றால் இன்னொரு சிக்கல். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, அடுத்த காம்பிராவில் பாட்டி இருமினால் இங்கே கேட்கும், நான் அழுதால் அங்கே கேட்கும். வெளியே தேயிலைக்குள் போய் உட்கார்ந்தால் சிக்னல் வரும், மழையும் வரும். கூட வேலை பார்க்கிற டீச்சரக்கா தன் குவாட்டர்ஸ் அறையின் சாவியைத் தந்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்லைனில் தொடங்க நினைப்பவர்கள் உளவியலாளரைத் தேடுவதற்கு முன்னால் இப்படி ஓர் அறையைத் தேடுங்கள்.

முதல் நாள் நிறையக் கேள்வி வரும். சாப்பாடு, தூக்கம், வீட்டில் குடி உண்டா, அடி உண்டா, சாக வேண்டும் போலத் தோன்றியதா. கடைசிக் கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரிடமும் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். சில நாள் பேசி முடித்து வந்தால் போனதைவிடக் கனமாக இருக்கும், அன்றைக்குப் பெரிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு வாரம் கொப்பியில் எழுதி வரச் சொல்வார்கள்: பஸ்ஸில் என்ன நினைத்தேன், நெஞ்சு எப்போது அடித்தது, எப்போது அடங்கியது என்று. அதை எழுதிய வாரமும் எழுதாத வாரமும் எனக்கு ஒன்றாக இருக்கவில்லை. ஐந்தாறு அமர்வு ஆனதும், ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், பேச்சில் நன்றாக இருக்கிறது என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, எழுதிய டொக்டரிடம் கேட்டுத்தான்.

வீட்டில் முதலில் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டி வா என்றார்கள். கட்டிக்கொண்டேன், இதற்கும் போனேன். இரண்டுக்கும் சண்டை இல்லை என்று கண்டதும் தம்பியே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து ஏற்றிவிடத் தொடங்கினான்.

காசு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநல கிளினிக்குகள் இலவசம், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் அந்த இலக்கத்தில் 24 மணித்தியாலமும் ஆள் இருப்பார்கள், தமிழிலும் பேசலாம்.