கணவர் இறந்த பிறகு அவருடைய பழைய ரிட்டர்ன்களைப் போட்டு முடித்த கதை

என் வீட்டுக்காரர் 2023 ஆகஸ்டில் தவறிவிட்டார். அதற்கு முன் ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாகவே ஓடியது. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லி பில் போடுகிற தொழில், கணக்கு வழக்கெல்லாம் அவர் மட்டுமே பார்த்துக்கொண்டது. காரியம் முடிந்து பீரோவைத் துழாவும்போதுதான் 2021-22, 2022-23 இரண்டு நிதியாண்டுக்கும் வருமான வரி ரிட்டர்னே போடவில்லை என்று தெரிந்தது. சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். உண்மையில், 1961 வருமான வரிச் சட்டம் 159-ஆம் பிரிவின்படி இறந்தவர் கட்டவேண்டிய வரிக்கு வாரிசு பொறுப்புதான், ஆனால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும்.

தெரிந்த ஒருவர், "அவர் பாஸ்வேர்டு இருக்கு, ஓடிபி வர்ற போனும் உங்க கையில இருக்கு, அவர் பேரிலேயே போட்டுடுங்க" என்றார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இறந்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? நம் பான் எண்ணில் லாகின் செய்து, வருமான வரித் துறையின் போர்ட்டலில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், இருவர் பான் கார்டு, வாரிசு சான்றிதழ், நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில் மனு கொடுத்தால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தாரிடம் போகும். அது வந்த பிறகும் எனக்கு வேறொரு வில்லங்கம், இனிஷியல்! பான் கார்டில் அவர் பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர் முழுசாக இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் வெறும் ஒற்றை எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று கோரிக்கை திரும்பி வந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் தனியாக எழுதி வாங்கி, ஆதார் நகலையும் சேர்த்து மறுபடி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் என் லாகினிலிருந்தே அவருடைய 26ஏஎஸ், ஏஐஎஸ் (அவர் வருமானம், பிடித்த வரி பற்றி வருமான வரித் துறை வைத்திருக்கிற பட்டியல்கள்) எல்லாம் பார்க்க முடிந்தது, எந்தக் கம்பெனி எவ்வளவு டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்கிற வரி) பிடித்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

2021-22-இல் நல்ல வருமானம், டிடிஎஸ் போக இன்னும் வரி பாக்கி. கெடு தாண்டிய வருடத்துக்கு ஐடிஆர்-யூ என்று ஒரு படிவம் இருக்கிறது, 2022-இல் கொண்டுவந்தது. வரி, வட்டி, 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் கூடுதல் வரி. 2024 மார்ச் 31-க்குள் போட்டிருந்தால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்தோடு போயிருக்கும். சான்றிதழ்கள் வந்து சேர்வதற்குள் அந்தத் தேதி தாண்டிவிட்டதால் 50 சதவீதம். வலித்தது, கட்டினேன். (அப்போது இரண்டு வருடம்தான் அவகாசம், 2025 பட்ஜெட்டில் நான்காக்கிவிட்டார்கள், கூடுதல் வரியும் 70 சதவீதம் வரை ஏறும்.)

2022-23 நேர் எதிர். சம்பாதித்ததே கொஞ்சம், ஆனால் பில்லுக்கு 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள், அதாவது அரசாங்கம்தான் எங்களுக்குத் தர வேண்டும். ரீஃபண்ட் கேட்க ஐடிஆர்-யூ உதவாது! 119(2)(b) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வேண்டும். நான் டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ தேதிகள், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஏன் முடியவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதினேன். ஆடிட்டர் எழுதிய மூன்று பக்க ஆங்கிலத்தைவிட அதுவே தெளிவாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆனது. இப்படித் தாமதமாகக் கேட்கிற ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் வரி கட்டத் தாமதித்தால் மட்டும் நம்மிடம் வட்டி வாங்குவார்கள், என்ன கணக்கோ.

அவர் இறந்த வருடத்துக்கு ஏப்ரலிலிருந்து இறந்த தேதி வரை வந்ததை மட்டும் அவர் கணக்கில் காட்டி, அதற்குப் பிந்தைய எஃப்டி வட்டியை என் ரிட்டர்னில் சேர்த்தேன். ஐந்து மாதம்தான் என்றாலும் வரிவிலக்கு வரம்பு முழுசாக உண்டு. அவருடைய பான் கார்டை ஒப்படைக்க அவசரப்படாதீர்கள், ரீஃபண்ட் கைக்கு வந்த பிறகுதான் நான் கடிதம் கொடுத்தேன்.